ஐயனார் மடுவில் விட்ட செடி

சூளை திறக்கிற நாளில் கோதண்டபாணி காலையில் டீயைக்கூடத் தொடமாட்டார். குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு, செராமிக் தொழிற்பேட்டையின் கடைசித் தெருவில் இருக்கும் தன் யூனிட்டுக்கு வந்து, வேலையாட்கள் சூளைக் கதவைத் திறக்கிறவரை வாசலிலேயே நிற்பார். விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் செய்கிறவர்கள் பலருக்கும் ஒரு பழக்கம் உண்டு. புது அச்சில் வார்த்து, சூளையில் வெந்து வருகிற முதல் உருப்படி விற்பனைக்குப் போகாது. அது சாமிக்கு. பெரிய கோயிலுக்குக் கொடுப்பவர்கள் உண்டு, தர்காவில் கொண்டுபோய் வைப்பவர்கள் உண்டு, குலசாமிக்கு என்று பஸ் ஏறுகிறவர்களும் உண்டு. கொடுக்காமல் விற்றால் அடுத்த சூளையில் சரக்கெல்லாம் விரிசல் விடும் என்று ஒரு பயம். விரிசலுக்குக் காரணம் மண்ணிலா, சூட்டிலா என்று ஆராய்வதைவிட இது சுலபம்தானே.

அன்று சூளையிலிருந்து வந்தது நீலநிறக் கிண்ணம். வீட்டு வாசலில் தண்ணீர் ஊற்றிப் பூ மிதக்கவிடுகிறார்களே, அந்த மாதிரி வாய் அகன்ற கிண்ணம். ஃபியூஸ் கட்டைகள் செய்துகொண்டிருந்த மனிதர் கிண்ணத்துக்கு மாறியதற்கே ஒரு கதை உண்டு. அச்சு செய்வதற்கு முன்பே, கையால் வனைந்த நாலைந்து கிண்ணங்களை மாதிரிக்குச் சென்னையில் ஒரு கண்காட்சிக்குக் கொண்டுபோயிருந்தார். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்துக் கடைக்காரர் அழகுச் செடி விற்கிறவர். பரிதாபப்பட்டு, தண்ணீரில் மிதக்கிற ஒரு செடியை ஒரு பிடி எடுத்துக் கிண்ணத்துக்குள் போட்டார். விரல்நுனி அளவு பச்சை இலைகள், மேலே வெல்வெட் மாதிரி மெல்லிய ரோமம், தண்ணீர் பட்டால் ஒட்டாமல் உருண்டு ஓடும். அவ்வளவுதான், கூட்டம் கிண்ணத்தைச் சுற்றி நின்றுவிட்டது.

கோதண்டபாணி அந்தச் செடியை ஒரு பிளாஸ்டிக் கவரில் கட்டிக்கொண்டு ஊர் வந்தார். யூனிட்டுக்குப் பின்னால் இருந்த சிமென்ட் தொட்டியில் விட்டார். பதினைந்து நாளில் தொட்டி நிறைந்தது. இன்னொரு தொட்டியில் பிரித்து விட்டார், அதுவும் நிறைந்தது. உரம் இல்லை, ஆள் இல்லை, செலவில்லை. தானாகப் பெருகும் சரக்கு எந்த வியாபாரிக்குக் கசக்கும்? கிண்ணம் வாங்கினால் செடி இலவசம் என்று அறிவித்தார். செடிக்கு என்ன பெயர் என்று கேட்டவர்களிடம் வெல்வெட் செடி என்றார். அதன் உண்மையான பெயர் என்ன, எந்த நாட்டிலிருந்து வந்தது, ஏன் இப்படிப் பெருகுகிறது என்று அவரும் கேட்கவில்லை, வாங்கியவர்களும் கேட்கவில்லை. கத்தரிக்காய் வாங்கும்போது சொத்தை இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்க்கிற நாம், இலவசம் என்றால் கையை மட்டும் நீட்டுகிறோம்.

கோதண்டபாணியின் குலசாமி சாத்தனேரி ஐயனார். திட்டக்குடி சாலையில் இறங்கி உள்ளே போகவேண்டிய ஊர். தங்கை சொர்ணாம்பாளைக் கட்டிக்கொடுத்ததும் அங்கேதான். அந்த ஊர் ஏரியின் ஒரு மூலையில், கோயிலை ஒட்டி, கடும் கோடையிலும் வற்றாத ஆழமான பள்ளம் ஒன்று இருந்தது. ஐயனார் மடு என்பார்கள். அதில் வலை வீசக் கூடாது, தூண்டில் போடக் கூடாது, கால்கூட நனைக்கக் கூடாது. மடுவில் இருப்பது சாமி மீன். யாரும் சட்டம் போடவில்லை, போர்டு வைக்கவில்லை. ஆனாலும் அந்த ஊரில் எவ்வளவு பசித்தவனும் மடுப்பக்கம் தூண்டிலோடு போனதில்லை. ஏரி வறண்டு வெடித்துக் கிடக்கும்போதும் மடுவில் கெண்டையும் கெளுத்தியும் விராலும் இருக்கும். மழை பெய்து ஏரி நிறைந்ததும் அவை வெளியே வந்து குஞ்சு பொரித்து ஏரி முழுக்க நிரப்பும்.

சொர்ணாம்பாளின் கணவர் நல்லமுத்து ஏரியில் மீன் பிடிப்பவர். வலை வீசுவது ஏரியில் என்றாலும் அவருடைய பிழைப்பு இருந்தது மடுவில்தான். அது அவருக்கே நன்றாகத் தெரியும். தினமும் காலையில் ஒரு கை பொரியை மடுவில் போட்டுவிட்டுத்தான் வலையைத் தோளில் போடுவார். கல்யாணமான புதிதில் அவர் கேரளாவில் கட்டட வேலைக்குப் போயிருந்தார். அங்கே சாரத்திலிருந்து விழுந்து, முதுகில் அடிபட்டு, படுத்த படுக்கையாக ஊர் வந்து சேர்ந்தவரை எழுப்பி உட்கார வைத்தது சொர்ணாம்பாள். அன்றிலிருந்து அவளுக்கு ஒரே வேண்டுதல். மனுசன் ஊரை விட்டுப் போகக் கூடாது. மடுவில் மீன் இருக்கும்வரை அவர் போகமாட்டார் என்ற தைரியத்தில் அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

கார்த்திகையில் ஏரி நிறைந்திருந்த ஒரு நாள், கோதண்டபாணி முதல் கிண்ணத்தோடு சாத்தனேரி வந்தார். தர்மகர்த்தா விருத்தகிரி அவருக்குப் பரிவட்டம் கட்டினார். கிண்ணத்தை ஐயனார் காலடியில் வைத்தாயிற்று. தீபாராதனை ஆயிற்று. அதோடு திரும்பியிருந்தால் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் தலையில் பரிவட்டம் ஏறினால் மனுசனுக்குக் கூடவே ஒரு யோசனையும் ஏறிவிடுகிறது. காரில் ஒரு கூடை வெல்வெட் செடி இருந்தது. சாமி மீனுக்கு நிழலாக இருக்கட்டும், மடுவுக்கும் ஓர் அழகாக இருக்கட்டும் என்று சொல்லி, கூடையோடு கவிழ்த்து மடுவில் விட்டார். கூடியிருந்தவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். கோதண்டபாணி அதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தார். ஐயனார் மடுவில் நமது வெல்வெட் என்று அதற்கு ஒரு வாசகமும் எழுதினார்.

மார்கழியில் நல்லமுத்து விருத்தாசலம் வந்தார். அவர் வலையும் மீனும் தவிர வேறு பேச்சு பேசாதவர், மைத்துனர் யூனிட்டுக்கு வருகிறவரே இல்லை. அதனால் வந்ததுமே கோதண்டபாணிக்கு ஏதோ விஷயம் என்று புரிந்துவிட்டது.

"மச்சான், மடுவுல நீங்க வுட்ட செடி ஓரம்பூரா மூடிக்கிச்சு. பொரி போட்டா தண்ணிக்குள்ள எறங்க மாட்டேங்குது, செடி மேலயே கெடக்குது. மீனு மேல வந்து வாய வைக்க எடம் தேடுது. இப்ப எடுத்தா நாலு கூடையில அள்ளிடலாம்."

எடுக்க வேண்டியதுதானே என்று கோதண்டபாணி கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்பதற்குக் காரணம் இருந்தது. மடுவில் யாரும் கால் வைக்கக் கூடாது என்பதால் நல்லமுத்து முதலில் தர்மகர்த்தாவிடம் போயிருக்கிறார். காணிக்கை கொடுத்தவரே வந்து, சாமி முன்னால் நின்று, நான் கொடுத்ததை நானே எடுத்துக்கொள்கிறேன் என்று உத்தரவு கேட்டால் அனுமதிப்பேன் என்று விருத்தகிரி சொல்லியனுப்பியிருந்தார். அதாவது, பரிவட்டம் கட்டி நின்ற அதே இடத்தில், ஊர் பார்க்க, தான் செய்தது தப்பு என்று கோதண்டபாணி சொல்ல வேண்டும். அதுவும் வேப்பூர் நெடுஞ்சாலையில் புதிதாகக் கட்டுகிற ஒரு ஓட்டலுக்குக் கிண்ணமும் செடியுமாகப் பெரிய ஆர்டர் பேசிக்கொண்டிருக்கிற நேரத்தில். அந்த ஓட்டல்காரர் மயங்கியதே மடுவின் போட்டோவைப் பார்த்துத்தான்.

"சாமிக்குக் குடுத்தத திருப்பி எடுக்கச் சொல்றீங்களா மாப்ள? நல்லாருக்குதா பேச்சு? பொங்கல் போவட்டும், பாக்கலாம்."

நல்லமுத்து டீயைக் குடித்துவிட்டுப் பஸ் ஏறினார்.

ஊரில் நிலைமை வேறு மாதிரி போய்க்கொண்டிருந்தது. மடு பச்சைப் பாய் விரித்ததுபோல் ஆனதும் வெளியூரிலிருந்தெல்லாம் ஆட்கள் பார்க்க வந்தார்கள். ஐயனார் மனம் குளிர்ந்துவிட்டார் என்று பேச்சு கிளம்பியது. இரண்டு பெண்கள் கரையோரமாக எட்டி ஒரு கொத்தைப் பறித்து வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பூஜை அறையில் வைத்தார்கள். யோசித்துப் பாருங்கள். மீனைக் காப்பாற்ற வேண்டும் என்று முன்னோர் போட்ட கட்டுப்பாடு, இப்போது மீனைக் கொல்ல வந்த செடிக்குக் காவல் நின்றது. ஏரியின் வேறு எந்த மூலையில் முளைத்திருந்தாலும் நல்லமுத்து ஒரே காலையில் வாரிக் கரையில் எறிந்திருப்பார். சாமி மடு என்பதால் கரையில் நின்று கையைப் பிசைந்தார்.

பொங்கல் போயிற்று. கோதண்டபாணி வரவில்லை. நல்லமுத்து மீன்வளத் துறை ஆபீஸுக்குப் போய் உமைராவைக் கூட்டிவந்தார். உமைரா விருத்தாசலம் கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். மீன்வளப் படிப்பு படித்துவிட்டு வேலைக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. அவள் மடுக்கரையில் குனிந்து ஒரு கொத்தை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள். அடியில் பழுப்பு முடி மாதிரி வேர் தொங்கியது. முகம் மாறிவிட்டது. உடனே இதைக் கொடுத்தவரைப் பார்க்க வேண்டும் என்றாள். சொர்ணாம்பாள் போன் போட்டு வற்புறுத்தியதால் அன்று மதியமே கோதண்டபாணி வந்துசேர்ந்தார்.

"சார், இது நம்ம நாட்டுச் செடி இல்ல. தென்னமெரிக்காவுலேர்ந்து வந்தது. இதுக்கு வெதையே வேணாம். ஒரு கணு ஒடைஞ்சு விழுந்தா போதும், அது தனிச் செடி. அடுக்கடுக்கா மூடிடும். வெளிச்சம் உள்ள போவாது, காத்து உள்ள போவாது. அடியில இருக்கறதெல்லாம் மூச்சு முட்டிச் செத்துடும்."

கோதண்டபாணி சிரித்தார். விரல் அளவு இலைக்கு இவ்வளவு பயமா என்றார். தொட்டியில் அழகுக்கு வளர்க்கிற செடிதானே, காட்டுச் செடியா என்றும் கேட்டார்.

"அழகுக்கு வளத்ததுதான் சார் பெரிய ஆபத்தாவுது. ஐரோப்பாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் நடுவுல மத்தியதரைக் கடல்னு இருக்குது. அங்க ஒரு மீன் காட்சிசாலையில, கண்ணாடித் தொட்டிக்கு அழகா இருக்கட்டும்னு வளத்த பாசி, எப்படியோ கடலுக்குப் போயிடுச்சு. மொதல்ல பாத்தப்ப ஒரு மேசை அகலந்தான் இருந்துச்சாம். அப்பவே எடுத்திருக்கலாம். எடுக்கறதா வேணாமா, யாரு தப்புன்னு பேசிக்கிட்டே இருந்தாங்க. அப்புறம் படகோட நங்கூரத்துல, வலையில ஒட்டிக்கிட்டு பல நாட்டுக் கரைக்குப் போயிடுச்சு. மீனுங்க குஞ்சு பொரிக்கிற கடல்புல்லு மேலயே படர்ந்துடுச்சு. பாதுகாக்கப்பட்ட கடல்னு அங்கயும் சட்டம் இருக்குது. பாசிக்குச் சட்டம் தெரியுமா சார்?"

நல்லமுத்து மைத்துனரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தர்மகர்த்தா விருத்தகிரி கோயில் வாசலில் தயாராக நின்றார். ஒரு வார்த்தை போதும். கோதண்டபாணிக்கு அந்த வார்த்தை தொண்டைவரை வந்தது என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அவருக்கு ஓட்டல் நினைவு வந்தது, சுற்றி நிற்கிற ஊர் ஜனம் கண்ணில் பட்டது, நேற்று படித்துவிட்டு வந்த ஒரு பெண் சொல்லித் தான் கேட்பதா என்றும் தோன்றியது. அது கடல்மா, இது எங்க சாமி மடு, ஐயனாருக்குத் தெரியாததா என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். அடுத்த வாரம் வேப்பூர் ஓட்டல் வாசலில் முதல் தவணைக் கிண்ணங்கள் வரிசையாக இறங்கின. ஒவ்வொன்றிலும் பச்சைச் செடி மிதந்தது.

உமைரா தன்னால் ஆனதைச் செய்தாள். மேலிடத்துக்கு எழுதினாள், ஊரில் வீடு வீடாகச் சொன்னாள். கோயில் விவகாரத்தில் தலையிட வேண்டாம் என்று சிலர் அவளிடம் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு திரும்பிப் போனதைப் பார்த்து சொர்ணாம்பாளுக்குத்தான் வயிறு எரிந்தது.

மாசிக் காற்று செடியை மடுவிலிருந்து ஏரிக்குத் தள்ளியது. வலையை வீசினால் மீனுக்குப் பதில் தழை வந்தது. வலையைச் சுத்தம் செய்யவே நல்லமுத்துக்குப் பாதி நாள் போயிற்று. உதறிய இடத்திலெல்லாம் ஒடிந்த துண்டுகள் விழுந்து அங்கேயும் முளைத்தன. மதகு அடைத்துக்கொண்டு கடைமடை வயல்களுக்குத் தண்ணீர் போகவில்லை. வருஷா வருஷம் வந்து இறங்குகிற நாரைகள் ஏரியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, தண்ணீர் எங்கே என்று தெரியாமல் போய்விட்டன. யாரோ ஒருவருடைய கன்றுக்குட்டி புல்தரை என்று நினைத்துச் செடிமேல் கால் வைத்து உள்ளே போனது, திரும்பி வரவில்லை. அப்போதுதான் ஊருக்குக் கொஞ்சம் உறைத்தது. அப்போதும் மடுவில் இறங்க யாருக்கும் துணிவில்லை.

பங்குனியில் வெயில் ஏறிய ஒரு காலையில் கோதண்டபாணிக்குப் போன் வந்தது.

"அண்ணே, சாமி மீனெல்லாம் செத்துப்போச்சு. வா."

அவ்வளவுதான் சொன்னாள் சொர்ணாம்பாள்.

கோதண்டபாணி போனபோது மடுக்கரையில் ஊரே நின்றிருந்தது. கல்யாண வீட்டுக் கூட்டம் அளவுக்கு ஜனம். செடிப் போர்வை அங்கங்கே கிழிந்து, கீழிருந்து மீன்கள் வயிறு மேலாக மிதந்தன. கால் நீளம் இருந்த விரால்கள், தொடைப் பருமன் இருந்த கெண்டைகள். அந்த மடுவுக்குள் இவ்வளவு பெரிய உயிர்கள் வாழ்ந்தன என்பது அந்த ஊருக்கே அன்றுதான் தெரிந்தது. காற்றைக் குடிக்க மேலே வருகிற விரால்கள்கூட, மேலே வர வழி கிடைக்காமல் செடிக்கு அடியிலேயே முட்டிச் செத்திருந்தன. தண்ணீர் கறுத்து நாறியது.

யாரும் ஒரு மீனையும் சமைக்க எடுக்கவில்லை. கரையில் பெரிய குழி வெட்டினார்கள். பெண்கள் மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். நல்லமுத்து ஒவ்வொரு மீனாக இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய்க் குழியில் வைத்தார், மனுசப் பிணத்தை இறக்குவதுபோல. அவர் அழவில்லை. அவர் அழுதிருந்தால் கோதண்டபாணி ஏதாவது ஆறுதல் சொல்லிச் சமாளித்திருப்பார்.

விருத்தகிரி கோயில் படியில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். கோதண்டபாணி அவர் முன்னால் போய் நின்று, சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு, நான் கொடுத்ததை நான் எடுத்துக்கொள்கிறேன், உத்தரவு வேண்டும் என்று கேட்டார்.

"இப்ப எதுக்குங்க உத்தரவு? காப்பாத்த வேண்டியது போயிடுச்சே."

கோதண்டபாணி மடுவில் இறங்கினார். தலைமுறை தலைமுறையாக ஒரு காலும் படாத தண்ணீரில் இடுப்பளவு நின்று இரண்டு கையாலும் செடியை வாரி வாரிக் கரையில் எறிந்தார். வாரிய இடத்தை அக்கம்பக்கத்துச் செடி நகர்ந்து வந்து மூடியது. பிறகு ஒவ்வொருவராக இறங்கினார்கள். வயிற்றுக்கு நேரே அந்த நாற்றத் தண்ணீரோடு சாயங்காலம்வரை நின்றார்கள். மறுநாளும் வந்தார்கள், அதற்கடுத்த நாளும் வந்தார்கள். கரையில் பச்சை மலை குவிந்தது. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், தெளிந்த தண்ணீரில் காசு காசாகப் பச்சைப் புள்ளிகள் மறுபடி மிதந்தன.

உமைராவிடம் கோதண்டபாணியே போய்க் கேட்டார். எழுந்து நின்றவளை உட்காரச் சொல்லி, தான் நின்றபடி கேட்டார். இந்தச் செடியை மட்டுமே தின்கிற ஒரு வண்டு இருக்கிறது, முறையாக அனுமதி வாங்கிக் கொண்டுவந்து விட வேண்டும், வேறு எதையும் தின்னாது என்று சோதித்த பிறகே விடுவார்கள், பலன் தெரிய ஒன்றோ இரண்டோ வருஷம் ஆகும் என்றாள். அதுவரைக்கும் கையால் அள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். ஏரி தேறும். ஆனால் மடுவில் இருந்த அந்தத் தாய்மீன்கள் திரும்பி வருமா என்று கேட்டதற்கு, செத்தது வராது சார் என்றாள்.

நல்லமுத்துக்கு ஒன்றோ இரண்டோ வருஷம் காத்திருக்க வழியில்லை. சாத்தனேரியிலிருந்து கேரளாவுக்குக் கட்டட வேலைக்குப் போகிற ஆட்களோடு பேசி முடித்துவிட்டார். வேப்பூர் கூட்டுரோட்டில் பஸ் ஏற்றிவிடக் கோதண்டபாணி போயிருந்தார். முதுகில் அடிபட்ட மனுசன் மறுபடி சாரம் ஏறப் போகிறார். அவர் கோபமாக இரண்டு வார்த்தை திட்டினால் நன்றாக இருக்கும் என்று கோதண்டபாணி எதிர்பார்த்தார். நல்லமுத்து போயிட்டு வரேன் மச்சான் என்று மட்டும் சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டார். சாலைக்கு எதிர்ப்புறம் அந்தப் புது ஓட்டலின் வாசலில் நீலக் கிண்ணங்கள் வெயிலில் பளபளத்தன. கோதண்டபாணி நேராக அங்கே போனார். மேனேஜர் எவ்வளவோ தடுத்தும் கேட்காமல் ஒவ்வொரு கிண்ணத்திலிருந்தும் செடியைத் தன் கையாலேயே அள்ளிச் சாக்கில் கட்டினார். மீதி ஆர்டர் அதோடு போயிற்று.

யூனிட்டுக்குப் பின்னால் இருந்த தொட்டிகளை வடித்து, செடியைச் சிமென்ட் தரையில் பரப்பி, சருகாகும்வரை காயவைத்து, கொளுத்தினார். வடித்த தண்ணீரைக்கூடச் சாக்கடையில் விடாமல் துணியில் வடிகட்டி மண்ணில் ஊற்றச் சொன்னார். அதோடு முடியவில்லை. கிண்ணம் வாங்கியவர்கள் எந்தெந்த ஊரில் இருக்கிறார்களோ? செல்போனில் இருந்த எண்களுக்கெல்லாம் ஒவ்வொன்றாகப் போட ஆரம்பித்தார். சிலர் செடி எப்போதோ காய்ந்துவிட்டது என்றார்கள். அவருக்கு உயிர் வந்தது. சிலர் அதிகமாகப் பெருகிவிட்டதால் வாய்க்காலில் விட்டோம் என்றார்கள். உயிருள்ளதைக் குப்பையில் போட மனசு வரவில்லையாம். ஒருவர் ஆற்றில் விட்டிருந்தார். நம் ஜனங்களுக்கு இரக்கம் அதிகம், அந்த இரக்கம் யார் தலையில் விடியும் என்று பார்ப்பதுதான் இல்லை.

சொர்ணாம்பாள் இப்போது அண்ணன் யூனிட்டில்தான் வேலை செய்கிறாள். காலையில் பஸ்ஸில் வந்து, வார்த்த கிண்ணங்களுக்கு ஓரம் தேய்த்துக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் ஆளில்லாத வீட்டுக்குத் திரும்புகிறாள். அண்ணனோடு தேவைக்குமேல் பேசுவதில்லை. ஒருநாள் அவர் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் போட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது அவள் கை ஓரம் தேய்த்துக்கொண்டிருந்தது, காது பேச்சில் இருந்தது.

மறுமுனையில் பேசியவர் சேத்தியாத்தோப்பில் டீச்சராக இருக்கும் பிரபா. செடியைப் பற்றிக் கேட்டதும் அவர் சந்தோஷமாகச் சொன்னார். வெள்ளிக்கிழமைதான் எங்க ஊர்க் கோயில் குளத்தில் கொண்டுபோய் விட்டேன், அம்மன் பெயரைச் சொல்லி விட்டேன், குளமே அழகாகிவிட்டது, புண்ணியம்தானே சார் என்று கேட்டார்.

இதே கேள்வியைக் கார்த்திகையில் யாராவது கோதண்டபாணியிடம் கேட்டிருந்தால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஆமாம் என்றிருப்பார். இப்போது தங்கையின் பக்கம் திரும்பிப் பார்த்தார். சொர்ணாம்பாள் கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தாள். மண் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அண்ணன் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"அம்மா, நான் அவரு தங்கச்சி பேசுறேன், சாத்தனேரிக்காரி. எங்கண்ணனும் உங்கள மாதிரிதான், சாமி பேரச் சொல்லித்தான் வுட்டாரு. எங்க மடுவுல இப்ப ஒரு மீனு இல்ல. எங்கூட்டுக்காரரு ஒடம்பு முடியாம கேரளாவுல கல்லு சுமக்குறாரு. எங்கேர்ந்தோ வந்ததக் கொண்டாந்து நம்ம தண்ணியில வுடறது புண்ணியம் இல்லம்மா, காலங்காலமா அதுல குடியிருக்கற உசுருங்கள கொல்றதுதான். அறியாம செஞ்சாலும் கொலை கொலைதான், பக்தியோட செஞ்சாலும் கொலைதான். கொளத்துக்கு நாம எதையும் குடுக்க வேணாம், அத அது பாட்டுக்கு வுட்டாலே போதும். நீங்க பாடம் எடுக்கறத அப்புறம் எடுங்க, இப்பவே போங்க. கையளவு இருக்கறப்பவே ஒரு துண்டு வுடாம அள்ளிடுங்க. கொளம் மூடிடுச்சுன்னா, அப்புறம் செடிய அள்ள மாட்டீங்க, செத்ததத்தான் அள்ளுவீங்க."